அம்பாசிடரின் தரையை வெட்டி ஐந்து கியர் பொருத்தித் தரும் ஒரு கோவைப் பட்டறை

ஸ்டியரிங் தண்டில் கியர் லிவர் கொண்ட பழைய அம்பாசிடரில் ஜப்பானின் இசுசு ஐந்து கியர் பாக்ஸைப் பொருத்துவதற்காக, கோவை கணபதி பகுதியிலுள்ள ஒரு சிறிய பட்டறையிடம் என் 1986ஆம் ஆண்டு மார்க் 4 வண்டியை ஒப்படைத்திருந்தேன். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரைத் தவிர்த்து, வேலையின் தரத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த கியர் பாக்ஸ் அம்பாசிடருக்கு அந்நியமானதல்ல. 1992இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1.8 லிட்டர் இசுசு இன்ஜினையும் தரையில் லிவர் வைத்த ஐந்து கியரையும் இவ்வண்டிக்குக் கொடுத்தது. ஆனால் அந்த வண்டிகள் அதற்கேற்ற தரையுடனேயே உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்தன. கியர் கம்பிகள் ஸ்டியரிங் தண்டோடு இறங்கும் பழைய வண்டியில் லிவருக்குத் துளையே கிடையாது. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் மாறக் கூடாது என்பதால் 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு, கியர் பாக்ஸை மட்டும் மாற்றச் சொன்னேன். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து, டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தே பொருத்தினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தரை வேலையில்தான் இந்தப் பட்டறை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரையின் நடுவில் மேடாக ஓடும் டனல் கியர் பாக்ஸை மூடும் வெறும் தகடல்ல, வண்டி முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் உறுப்புகளில் ஒன்று. இதை உணராமல் கேஸ் டார்ச்சால் ஒரு பெரிய ஓட்டை போட்டு, மேலே ஒரு தகட்டைத் திருகி மூடித் தரும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய வண்டிகளில் பள்ளத்தில் இறங்கும்போது கதவுகள் உரசுகின்றன. இங்கோ, வெட்டுவதற்கு முன்பே நான்கு கதவுகளின் இடைவெளியையும் அளந்து கண்ணாடியிலேயே சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். கதவுத் தூண்களுக்கிடையே தற்காலிகமாக இரும்புக் குழாயைப் பற்றவைத்து, உடல் தொய்ந்துவிடாதபடி எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்குமாறு வண்டியை நிறுத்தினார்கள். "இந்த அளவு மாறிச்சுன்னா வண்டி வளைஞ்சிருச்சுன்னு அர்த்தம் சார், பூசி மறைக்க முடியாது" என்றார் டிங்கர்.

கியர் பாக்ஸை ஒருமுறை ஏற்றி, எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, தேவையான அளவு மட்டுமே கட்டிங் வீலால் வெட்டினார்கள். வெட்டிய விளிம்பை மடித்து, தரையின் தடிமனுக்குச் சமமான தகட்டில் சற்றே உயரமான புதிய மேற்பகுதியை வளைத்து, மிக் வெல்டிங்கால் சிறு சிறு இடைவெளி விட்டு மாறி மாறிப் பற்றவைத்தார்கள். ஒரே மூச்சில் இழுத்திருந்தால் சூட்டில் தகடு நெளிந்திருக்கும். பின் மவுண்டிங்கிற்கான கிராஸ் மெம்பரையும் (குறுக்குச் சட்டம்) புதிதாகச் செய்து, பற்றவைக்காமல் போல்ட்டால் பொருத்தியிருப்பதால், நாளை கிளட்ச் வேலை வந்தாலும் எளிதில் இறக்கிவிடலாம். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் புதிய நீளத்திற்கு மாற்றிப் பேலன்ஸ் செய்ததோடு, அதன் இரு முனைகளிலும் ஜாயின்ட் கோணம் சமமாக இருக்கிறதா என்று கோணமானி வைத்துப் பார்த்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் இதைத் தவிர்ப்பதால்தான் மாற்றிய வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்கிறது. கதவுத் தூண்களுக்கிடையே வைத்த குழாயை அறுத்தெடுத்த பின் மீண்டும் அளந்தபோது கதவு இடைவெளி எதுவும் மாறவில்லை.

முடிப்பு வேலையில் அவ்வளவு கவனம் இல்லை. புதிய தகட்டின் ஒரு விளிம்பில் சீலர் விடுபட்டு, மழையில் லிவருக்கு அருகே தண்ணீர் கசிந்தது; திருப்பிக் கொண்டுபோனதும் பணம் வாங்காமல் சரிசெய்தார்கள் என்றாலும், முதலிலேயே தண்ணீர் பீய்ச்சிப் பார்த்திருக்க வேண்டும். டனலின் மேல் சூடு தாங்கும் விரிப்பு போடவில்லை. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் காட்டுவதில்லை, அதைச் சரிசெய்வது அவர்களுடைய வேலையிலும் சேராது. முன் பெஞ்ச் சீட்டின் நடுவில் இனி ஒருவர் கால் வைத்து உட்கார முடியாது என்பதையும் குடும்பமாகச் செல்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக, சேலம் சாலையில் ஐந்தாவது கியரில் இன்ஜின் அலறாமல் ஓடுவதும், ஓடும்போதே முதல் கியருக்கு உறுமலின்றி இறங்க முடிவதும் கிடைத்திருக்கின்றன.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். 2021இல் வந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டியின் சேசிஸோ உடலோ இன்ஜினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்கின்றன. தரையை வெட்டிய வண்டி அந்தப் பதிவை எதிர்பார்க்க முடியாது. 1970களுக்கு முந்தைய அசல் வண்டிகளை இந்த வேலைக்குக் கொண்டுவருவது பெரிய இழப்பு என்பதே என் கருத்து. உரிமையாளரும் அவற்றை ஏற்பதில்லை. தரையில் துரு ஏறிய வண்டிகளையும், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் எடுக்கிறார் என்பதால், அவசரம் இல்லாதவர்கள் மட்டும் அவரிடம் போகலாம்.