5சிபி திரவப் பளிங்கு: யாழ்ப்பாண வெக்கைக்கு எவ்வளவு தாங்கும்?

வனடைல் அசற்றைல்அசற்றோனேற்று என்ற வனேடியச் சேர்வையைக் கரைத்து, காந்தப்புலத்தில் ஒழுங்குபடுத்தி ஈபிஆர் (சோடியற்ற இலத்திரன்கள் காந்தப்புலத்தில் நுண்ணலையை உறிஞ்சுவதை அளக்கும் முறை) நிறமாலை எடுப்பதற்கு 5சிபி அருமையான கரைப்பான். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிறே குழுவினர் 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய சயனோபைபீனைல் இது. ஈரக்காற்றில் கெடாது. கருவியின் வழக்கமான 0.34 தெசுலாப் புலமே மூலக்கூறுகளை வரிசைப்படுத்தப் போதும். குறை ஒன்றுதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் அது பெரிய குறை: திரவமாக ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்கும் நெமற்றிக் நிலை சுமார் 24 பாகையில் தொடங்கி 35 பாகையில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசி மத்தியானங்களில் குளிரூட்டி இல்லாத ஆய்வுகூட மேசையே அந்த மேலெல்லைக்குக் கிட்டப் போய்விடுகிறது.

கரைசல் தயாரிப்பில்தான் கூடுதலாகப் பிழைக்கும். 1 மில்லிலீற்றர் 5சிபியில் 1 மில்லிமோலர் செறிவு வேண்டுமென்றால் வனடைல் சேர்வை 0.27 மில்லிகிராம்தான், நேரே நிறுக்க முடியாது. 2.7 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேனில் கரைத்து, அதில் 1 மில்லிலீற்றரை அதே அளவு 5சிபியோடு கலந்து, 45 பாகை நீர்த்தொட்டியில் வெற்றிடம் கொடுத்து ஆவியாக்குங்கள். வெற்றிடத்தை மெல்லமெல்லக் கூட்டாவிட்டால் குமுறித் தெறிக்கும். இருகுளோரோமெதேன் மிஞ்சினால் தெளிவு வெப்பநிலை (நெமற்றிக் கலங்கல் மறைந்து சாதாரண திரவமாகும் வெப்பநிலை) இறங்கும்: சூடாக்கும்போது கலங்கல் 31 பாகையிலேயே தெளிந்தால் இன்னும் வெற்றிடம் கொடுக்க வேண்டும். சேர்வையை அளவுக்கு மிஞ்சிப் போட்டாலும் இதேதான் நடக்கும். ஒட்சிசனை வெளியேற்றி, ஒடுங்கிய குழாயில் நிரப்புங்கள்; முனைவுள்ள இத்திரவம் நுண்ணலையை உறிஞ்சும். 40 பாகைக்குச் சூடாக்கி, காந்தத்துக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுங்கள்.

வனேடியம்-51 கருவின் சுழற்சி 7/2, ஆகவே நிறமாலையில் எட்டுக் கோடுகள். அடுத்தடுத்த இடைவெளிகள் சமமாக இரா. கடைக்கோடுகள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை 7ஆல் வகுங்கள். தெளிந்த நிலையில் சராசரி இடைவெளி சுமார் 107 காஸ் (10,000 காஸ் ஒரு தெசுலா) வரும். நெமற்றிக்கில் அது குறையும், ஏனென்றால் தட்டையான இம்மூலக்கூறின் வனேடியம்–ஒட்சிசன் பிணைப்பு புலத்துக்குக் குறுக்கே நிற்கவே விரும்புகிறது. அப்பிணைப்பின் வழியே இடைவெளி 190 காஸ், குறுக்கே 65 காஸ் என்று கொண்டால், 100 காஸ் கண்டவிடத்து ஒழுங்குக் குணகம் (பிணைப்பு புலத்தோடு எவ்வளவு ஒழுங்குபட்டது என்ற அளவு; குறைப் பெறுமானம் என்றால் குறுக்கே) ஏறத்தாழ −0.08. 35 பாகையை அண்மிக்க இது வேகமாக மாறும், வெப்பநிலைக் கட்டுப்பாடில்லாத அளவீட்டுக்குப் பெறுமதி இல்லை. 24 பாகைப் பக்கம் பாகுத்தன்மை கூடி, கோடுகள் உருக்குலையும்.

எம்பிபிஏ என்ற இன்னொரு திரவப் பளிங்கு 48 பாகை வரை தாங்கும். ஆனால் அது சிஃப் காரம் (நீரால் உடையக்கூடிய காபன்–நைதரசன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்வை). எங்கள் மாரிகால ஈரத்தில் நீர்ப்பகுப்படைந்து தெளிவு வெப்பநிலை இறங்கிவிடும். மாணவர் செய்முறைக்கு மட்டுமென்றால் 60 பாகையளவு வரை நெமற்றிக்காக நிற்கும் ஈ7 என்ற திரவப் பளிங்குக் கலவையை வாங்குங்கள். வெப்பநிலையோடு ஒழுங்குக் குணகம் மாறுவதை ஆராய்வோருக்குத் தனிச்சேர்வையான 5சிபியே வேண்டும், கூடவே நல்ல வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும்.