எம்.ஏ. ஆங்கில இலக்கியமா, பண்பாட்டு ஆய்வா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

வேலூர் ஊரிஸ், காட்பாடி ஆக்சிலியம், டி.கே.எம்., முத்துரங்கம் அரசுக் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என்று பழைய வடாற்காடு முழுக்க பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் இவர்கள்தான் முதல் பட்டதாரி. மூன்றாம் வருஷம் வந்ததும் முன்பெல்லாம் "அடுத்து எம்.ஏ.வா, பி.எட்.டா?" என்று கேட்பார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "இலக்கியமே தொடரலாமா, இல்லை கல்ச்சுரல் ஸ்டடீஸ் (பண்பாட்டு ஆய்வு) பக்கம் போகலாமா?" ஹைதராபாத் போன சீனியர் யாராவது சொல்லியிருப்பார், அல்லது கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட்டின் பாடத்திட்டத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் ஆங்கில இலக்கியத்தில் இருக்கட்டும். பண்பாட்டு ஆய்வை விருப்பப் பாடமாகவும் ஆய்வேட்டுப் பொருளாகவும் எடுங்கள். ஒரே ஒரு வகை மாணவருக்குத்தான் இது பொருந்தாது, அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இலக்கியத் துறைக்குப் பனுவல்தான் (டெக்ஸ்ட்) மையம். கவிதை, நாடகம், நாவலை வரி வரியாகப் படித்து, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, யார் குரலில் பேசுகிறது என்று பார்ப்பது அதன் வேலை. பண்பாட்டு ஆய்வுக்கு சினிமா, விளம்பரம், திருவிழா, உடை, கடைப் பலகை எல்லாமே படிக்க வேண்டிய பனுவல்தான். யார் உண்டாக்கினார்கள், யாருக்காக, யார் கையில் அதிகாரம் என்ற கேள்விகள் அங்கே முன்னால் நிற்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964ல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய மையத்தில்தான் இந்தத் துறைக்கு இந்தப் பெயரும் உருவமும் வந்தன. அவருக்குப் பின் அதை நடத்தியவர் ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால். 2002ல் பல்கலைக்கழகமே அந்த இடத்தை மூடிவிட்டது; துறையோ அதற்குள் உலகமெங்கும் பரவியிருந்தது.

இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை விளக்கத்தால் சொல்வதைவிட ஒரு கவிதையை வைத்துக் காட்டுவது நல்லது. நம் ஊரைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு கவிதை இருக்கிறது. ஹென்றி நியூபோல்ட் எழுதிய 'கில்லஸ்பி'. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் குதிரைப்படையோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி செய்தி கேட்டுப் பறந்து வந்து, கயிற்றைப் பிடித்துச் சுவர் ஏறி, பின்னால் வந்த பீரங்கிகளால் வாசலைப் பிளந்து அந்த எழுச்சியை அடக்கினார். கவிதை இதைத்தான் பாடுகிறது.

இலக்கிய வகுப்பில் முதலில் இதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். வரிக்கு நான்கு அழுத்தம், நான்கு வரிக்கு ஒரு பத்தி. 'கில்லஸ்பி ரோட், கில்லஸ்பி ரோட்' (கில்லஸ்பி குதிரையில் போனான்) என்று ஒரே சொற்கள் இரண்டு முறை வரும்போது குதிரையின் குளம்படி கேட்கும். 'தனியாக' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். படையே பின்னால் வந்தாலும் யாராலும் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்கிறது கவிதை. மற்றவர்களையெல்லாம் தள்ளி நிறுத்தித்தான் நாயகன் உருவாகிறான். அடுத்து யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வழியில் தள்ளாடி வரும் ஒரு குதிரைக்காரன், கில்லஸ்பி, கோட்டைக்குள் ஒரு சார்ஜென்ட், அவ்வளவுதான். சிப்பாய்க்குப் பெயர் கிடையாது, ஒரு வார்த்தை பேச்சும் கிடையாது. அவன் 'இரவில் குத்தும் பேய்', 'கலகக்காரன்'. ஊருக்கு அடைமொழி 'வஞ்சக வேலூர்'. ஆங்கிலேய அதிகாரிகளில் இரண்டு பேர் உயிரோடு, நாற்பது பேர் பிணம் என்று சார்ஜென்ட் கணக்குச் சொல்கிறான். சிப்பாய்களின் சாவுக்குக் கணக்கே இல்லை.

இவ்வளவையும் வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக்கூடத் திறக்காமல், வரிகளை மட்டும் வைத்தே ஒரு நல்ல மாணவி கண்டுபிடித்துவிடுவாள். இலக்கியப் பயிற்சியின் பலம் இதுதான்.

பண்பாட்டு ஆய்வு வகுப்பு அந்த மௌனத்திலிருந்து தொடங்கும். நடந்து கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து இதை ஏன் எழுத வேண்டும்? கிரிக்கெட் மைதானத்தையும் போர்க்களத்தையும் ஒரே கவிதையில் இணைத்துப் புகழ்பெற்றவர் நியூபோல்ட். பேரரசுக்குத் தோள் கொடுக்கப் போகும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஏற்ற சரக்கு அவருடையது. கவிதையில் இடம் பெறாதது எது? நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு, மீசையை அளவாக வை, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை கட்டு என்று சிப்பாய்கள் மீது சுமத்தப்பட்ட உத்தரவுகள் அதில் இல்லை. திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள் என்பது இல்லை. பிடிபட்டவர்களில் நூறு பேர் அளவுக்குச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றதும் இல்லை. இரவில் குத்துகிறவர்களுக்கு நேர்ந்த முடிவைக் கற்களே நினைவில் வைத்திருக்கும் என்கிறது கவிதை. இன்று கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கம் நிற்கும் கல் சிப்பாய்களுக்கான நினைவுத்தூண். வருஷா வருஷம் ஜூலை 10 அன்று அதற்கு மாலை போடுகிறார்கள். இருநூறாவது ஆண்டான 2006ல் தபால்தலையும் வந்தது. அந்தக் கவிதை, இந்தத் தூண், அந்தத் தபால்தலை ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, எந்த நினைவை யார் எதற்காகப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்பது இந்தத் துறையின் பலம்.

ஸ்டூவர்ட் ஹால் 1973ல் ஒரு கட்டுரையில், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்ப்பவர்கள் மூன்று விதமாக வாங்கிக்கொள்ளக்கூடும் என்றார்: சொன்னதை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்த்து வாசிப்பது. வேலூரில் பிறந்த பிள்ளை 'வஞ்சக வேலூர்' என்ற சொல்லைப் படிக்கும்போது, யாரும் சொல்லித் தராமலே மூன்றாவது இடத்தில் போய் நிற்கிறாள். இது அவளுக்குக் கிடைத்த சாதகம். லண்டனில் படிக்கிறவருக்கு அந்த இடம் எளிதில் வாய்க்காது.

இனி பலவீனங்கள். இலக்கியப் படிப்பு இங்கே பெரும்பாலும் கைடு புத்தகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாசரில் தொடங்கி எலியட் வரை காலகட்டம், பிறந்த வருஷம், கதைச்சுருக்கம் என்று மனப்பாடம் செய்து, மூலக் கவிதையை ஒரு முறைகூட முழுதாகப் படிக்காமல் முதல் வகுப்பில் தேறிவிடலாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. இரண்டு வருஷம் ஷேக்ஸ்பியரோடு இருந்துவிட்டு ஒரு வசனத்தின் ருசிகூடத் தெரியாமல் பிள்ளைகள் வெளியே வருவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பண்பாட்டு ஆய்வின் நோய் வேறு மாதிரி. அங்கே பனுவலே காணாமல் போய்விடும். 'ஆதிக்கம்', 'கட்டமைப்பு', 'அடையாளம்' என்று பத்துச் சொற்கள், ஐந்தாறு பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்கள், கடைசியில் முன்பே தெரிந்த முடிவு. எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் அதே ஆய்வேடுதான் வரும். படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தின் பெயரைப் போட்டால் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். இந்தத் துறையைத் தொடங்கியவர்களையே பாருங்கள். ஹோகார்ட் லீட்ஸில் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து ஆங்கில இலக்கியம் படித்தவர். ரேமண்ட் வில்லியம்ஸ் வேல்ஸில் ரயில்வே சிக்னல்காரரின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தது ஆங்கிலம். ஹால் ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஜேம்ஸ் பற்றி ஆராய்ச்சி தொடங்கியவர். வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்குப் பாடம் சொன்ன அனுபவமும் ஹோகார்ட்டுக்கும் வில்லியம்ஸுக்கும் உண்டு. கவிதையை நுணுகிப் படித்த கண்ணைத்தான் அவர்கள் செய்தித்தாள் பக்கமும் தொலைக்காட்சிப் பக்கமும் திருப்பினார்கள். அந்தக் கண்ணைப் பழக்காமல் நேராகக் கோட்பாட்டுக்குப் போகிறவர்கள் சீக்கிரம் வறண்டுவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் நமக்கு உண்டு. இங்கிலாந்தின் கல்லூரிகளுக்கு முன்பே காலனிய இந்தியாவில்தான் ஆங்கில இலக்கியம் முறையான பாடமாக வேர்பிடித்தது என்று கௌரி விஸ்வநாதன் 1989ல் வந்த தன் நூலில் காட்டினார். இங்கே எம்.ஏ. ஆங்கில வகுப்பில் உட்காருவதே ஆராய்ச்சிக்குரிய ஒரு பண்பாட்டு நிகழ்வு. ஆக, இரண்டு துறைகளும் நம் ஊரில் பலரும் நினைக்கிற அளவுக்குத் தூரத்தில் இல்லை.

ஆய்வுப் பொருளுக்கும் இங்கே பஞ்சமில்லை. சி.எம்.சி. எதிரே காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் ஒரு நடை போய் வாருங்கள். லாட்ஜ் பலகை வங்காள மொழியில், மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும், தமிழ் மருந்துக்கடைப் பையன் வங்காள மொழியில் பேசி மாத்திரை கொடுப்பான். வைத்தியத்துக்காக வந்து போகிறவர்கள் ஒரு தெருவின் மொழியையே மாற்றியிருக்கிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு, சாதியும் நாற்றமும் ஏற்றுமதியும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் மண்ணால் படுத்த வடிவில் செய்யும் துரியோதனனையும், படுகளத்தில் நடக்கும் கூத்தையும் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்! திரௌபதி வழிபாட்டையும் தெருக்கூத்தையும் பற்றி அமெரிக்காவிலிருந்து வந்து தங்கி ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதிவிட்டார்கள். புரிசையில் கூத்து இன்றும் ஆடப்படுகிறது. நம் பிள்ளைகள் மட்டும் வேர்ட்ஸ்வொர்த் பாடிய டாஃபடில் பூவைப் பற்றியே ஆய்வேடு எழுத வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? டாஃபடில் கவிதையையும் நான் விடச் சொல்லவில்லை, அது அருமையான கவிதை. படுகளத்துக்கும் அதே மரியாதை வேண்டும் என்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருவோம். இங்கே தராசு ஒரு பக்கம்தான் சாய்கிறது. "இதப் படிச்சா பொண்ணுக்கு டீச்சர் வேல கெடைக்குமாங்க சார்?" என்று கேட்கும் அப்பாவுக்கு நேர்மையான பதில் இது: அரசுப் பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியராக டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாகப் போக எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் வேண்டும். பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் 'இணையான பட்டம்' என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். கல்லூரி ஆசிரியராக நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு. நெட் தேர்வில் ஆங்கிலத்துக்குப் பத்து அலகுகள், ஏழாவது அலகே பண்பாட்டு ஆய்வுதான். ஆறாவது, இந்தியாவில் ஆங்கிலம். கோட்பாடுகளுக்குத் தனி அலகு உண்டு. ஆகவே எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டே பண்பாட்டு ஆய்வை ஆழமாகப் படித்தால் நெட்டுக்கும் அது நேரடியாக உதவும். நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் காசு கேட்காமல் ஆராய்ச்சி செய்ய முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஊடகம், பதிப்பு, விளம்பரம், தொண்டு நிறுவனம் என்று போகிறவர்களுக்குப் பட்டத்தின் பெயர் பெரிய விஷயமில்லை. எழுதிக் காட்டினால் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்றால் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள், அல்லது சேர்க்காட்டில் பல்கலைக்கழக வளாகம். வெளியே தங்க வழி இருந்தால் புதுச்சேரி, திருவாரூர், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள். ஹைதராபாத் இஃப்லுவில் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) பண்பாட்டு ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதலில் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. நேராக ஆராய்ச்சிதான், உடனே சம்பளம் வராவிட்டாலும் வீடு தாங்கும், பி.ஏ.விலேயே மூலப் பனுவல்களை ஊன்றிப் படித்துவிட்டேன் என்கிறவர்கள் தயங்காமல் அந்தப் பக்கம் போகலாம். மற்றவர்கள் அங்கேயே போனாலும் எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்து, பண்பாட்டு ஆய்வு வகுப்புகளைத் தேடிப் போய் உட்காருங்கள்.

உள்ளூரில் சேர்கிறவர்கள் கட்டணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கடைசி செமஸ்டரில் ஆய்வேடு உண்டா? உள்ளூர்ப் பொருளில் எழுத வழிகாட்டி சம்மதிப்பாரா? விருப்பப் பாடம் என்று அச்சிட்டிருப்பது உண்மையிலேயே நடத்தப்படுகிறதா? மூன்றாவதை ஆசிரியரிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் சரியான பதில் வரும்.

கடைசியாகத் தேதி. உள்ளூர்க் கல்லூரிச் சேர்க்கை பி.ஏ. முடிவு வந்த பிறகு நடக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு அப்படியில்லை. அண்மை ஆண்டுகளில் அதற்கான விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்துவிடுகிறது, தேர்வு மார்ச்சில். ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த வாசல் ஏற்கெனவே மூடியிருக்கும். ஐந்தாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். போவதா வேண்டாமா என்பதை மே மாதம் முடிவு செய்துகொள்ளலாம்.