கோட்டு மாட்டவா, ஆடவா? கப்பல் மாலைகள் ஓர் ஒப்பீடு

பால்ரூம் நடனம் பழகிய ஜோடிகள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஃபார்மல் நைட் எந்தக் கப்பல்ல நல்லா இருக்கும்?" எல்லோரும் கோட்டும் கவுனுமாக உடுத்தி வரும் இரவைச் சொல்கிறார்கள். கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. உடுத்திக்கொண்டு உலாவுவது ஓர் ஆசை. தளத்தில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க ஆடுவது வேறோர் ஆசை. கப்பல் கம்பெனிகள் இரண்டையும் ஒரே படத்தில் போட்டு விற்கின்றன: கறுப்பு டின்னர் ஜாக்கெட்டில் ஒருவர், தரை புரளும் கவுனில் ஒருத்தி, மேலே சரவிளக்கு. ஏறிப் பார்த்தால்தான் தெரியும், எல்லோரும் உடுத்தி வரும் இரவில் காலை நீட்டி ஆட இடமிருக்காது. தளம் காலியாகக் கிடக்கும் இரவில் பாதிப்பேர் சாதாரணச் சட்டையில் இருப்பார்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்கோடியில். சவுத்தாம்ப்டன் துறைமுகம் காரில் போய்வரும் தூரம். அதனால் இந்த ஒப்பீடும் பெரும்பாலும் அங்கிருந்து புறப்படும் கப்பல்களைச் சுற்றித்தான்.

குனார்ட் கம்பெனியின் குயின் மேரி 2-இல் தொடங்குகிறேன். 2004 ஜனவரியில் முதல் பயணம் போன கப்பல், 345 மீட்டர் நீளம். மூன்றாவது டெக்கில், பின்பக்கமாக, குயின்ஸ் ரூம் இருக்கிறது. கடலில் மிதக்கும் பால்ரூம்களில் இதுவே பெரியது என்று கம்பெனி மார்தட்டிக்கொள்ளும். பிற்பகலில் வெள்ளைக் கையுறை மாட்டிய பரிசாரகர்கள் தேநீரும் ஸ்கோனும் கொண்டுவருவதும் இதே கூடத்தில்தான். ராத்திரியானால் மேசைகளுக்கு நடுவே மரத்தளம் ஆட்டக்காரர்களுக்கு. வாத்தியக் குழு நேரில் வாசிக்கும். இதன் அருமை வீட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். தளத்தில் கூட்டம் திணறினால் குழுத்தலைவர் பார்த்து லயத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். பதிவு செய்த பாட்டு அதைச் செய்யாது.

வால்ட்ஸ் நம் கணக்கில் திஸ்ரம்: தகிட, தகிட, தகிட. நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளச் சுற்று. வியன்னா வால்ட்ஸ் அதே தகிடதான், ஆனால் அதற்கு இரண்டு மடங்கு வேகம். ஃபாக்ஸ்ட்ராட்டும் குயிக்ஸ்டெப்பும் தகதிமி. இவை அனைத்திலும் ஜோடிகள் தளத்தை இடஞ்சுழியாகச் சுற்றுவார்கள், கோயில் பிரகாரத்துக்கு நேர் எதிராக. முதல் வருடம் எனக்கு இதுதான் குழப்பியது. கால் தானாக வலப்பக்கம் போகும்.

குயின் மேரி 2-இன் தனிச்சொத்து அதன் அட்லாண்டிக் பயணம். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெரும்பாலும் ஏழு இரவு. நடுவில் துறைமுகமே கிடையாது. ஊர் பார்க்க இறங்கிப் போகிறவர்களுக்கு இது தண்டனை, ஆட வந்தவர்களுக்கு வரம். கப்பல் நாள் முழுக்கக் கடலில் ஓடும்போதுதான் பகலில் நடன வகுப்பு நடக்கும். ஒரு நாள் வால்ட்ஸ், ஒரு நாள் ரம்பா, ஒரு நாள் சா-சா என்று ஓடும். தினமொரு துறைமுகம் தொடும் மத்தியதரைக் கடல் பயணத்தில் இந்த வகுப்புகள் விரல்விட்டு எண்ணும்படி சுருங்கிவிடும். அதனால் கப்பலின் பெயரைவிடப் பயண அட்டவணையில் எத்தனை கடல் நாட்கள் என்று எண்ணுவதுதான் முதல் வேலை.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மேற்கே போகும் கப்பலில் ஐந்து மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. வழியில் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னால் தள்ளுவார்கள், ஆக பல நாட்களுக்கு 25 மணி நேரம். நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டு வந்தாலும் காலை வகுப்புக்குத் தூக்கம் முடித்துப் போகலாம். கிழக்கே திரும்பும்போது அதே ஐந்து மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். நான்காம் நாள் வகுப்பில் எல்லோர் முகமும் ஊறவைத்த அப்பளம் போல இருக்கும். ஆடுவதற்கென்றே போகிறவர்கள் மேற்கே போங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. நியூயார்க்கிலிருந்து விமானத்தில் திரும்பினால் பெட்டி எடைக்கு வரம்பு வந்துவிடும். கோட்டு, நடனச் செருப்பு இரண்டு ஜோடி, மனைவியின் உடைகள் எல்லாவற்றையும் கொண்டுபோவது எளிது. கொண்டுவருவதுதான் பாடு.

இனி அசைவு. குயின்ஸ் ரூம் இந்தக் கப்பலில் பின்பக்கம் இருக்கிறது என்றேன் அல்லவா? அதே குனார்டின் குயின் விக்டோரியாவில் அது கப்பலின் நடுப்பகுதியில், இரண்டு தளம் உயரமாக, மேலே உப்பரிகையோடு இருக்கிறது. கப்பல் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும்போது நடுவில் இருப்பவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் சீசா பலகையின் வித்தியாசம்தான். ஆனால் குயின் மேரி 2 அட்லாண்டிக்குக்கென்றே கட்டிய லைனர். தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழம் இறங்கி ஓடும், நீளமும் அதிகம். குயின் விக்டோரியா உல்லாசப் பயணக் கப்பலின் உடல்வாகு, சுமார் 8 மீட்டர்தான். அதனால் இடம் சரியில்லாத பெரிய கப்பலும் இடம் சரியாயிருக்கும் சின்னக் கப்பலும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டு உருளலை அடக்க இரண்டிலும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் உண்டு. தலையாட்டலை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

வால்ட்ஸில் இரண்டாம் தாளத்தில் எம்பி, மூன்றின் முடிவில் குதிகாலை இறக்குகிறோம். கடல் கொந்தளிக்கும் இரவில், இறக்கும்போது தரை அங்கே இருக்காது, கொஞ்சம் கீழே போயிருக்கும். அடுத்த சுற்றில் நீங்கள் இறங்குமுன்பே மேலே வந்து குதிகாலில் இடிக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் நாங்கள் டேங்கோவுக்காகக் காத்திருப்போம். அதில் எம்பல் கிடையாது. முழங்கால் மடங்கியே இருக்கும், பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகியவர்களுக்குத் தானாக வரும். வியன்னா வால்ட்ஸுக்கு உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

குனார்டில் ஃபார்மல் நைட்டுக்குப் பெயர் கேலா ஈவனிங், ஒரு வாரப் பயணத்துக்கு வழக்கமாக இரண்டு வரும். பிளாக் அண்ட் வைட், மாஸ்கரேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வைப்பார்கள். மாலை ஆறு மணிக்குமேல் அந்த உடை விதி உண்மையாகவே அமலில் இருக்கும். கட்டுப்பட விருப்பமில்லாதவர்களுக்கு பஃபே, கோல்டன் லயன் பப் என்று சில இடங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். குயின்ஸ் ரூமுக்குள் அப்படி வர முடியாது.

இந்த இடத்தில் நம்மவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், விதியிலேயே அவரவர் நாட்டு முறையான உடைக்கு அனுமதி இருக்கிறது. பட்டு வேட்டி சட்டையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருக்கிறேன். வாசலில் யாரும் ஒரு புருவத்தையும் உயர்த்தவில்லை. பக்கத்து மேசையில் கில்ட் கட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். காஞ்சிபுரம் பட்டு உடுத்திய மனைவியைப் படம் எடுக்கலாமா என்று மூன்று பாட்டிமார் கேட்டார்கள்.

சிக்கல் ஆடும்போதுதான். வால்ட்ஸில் ஆண் முன்னால் வைக்கும் வலக்கால் பெண்ணின் இரண்டு கால்களுக்கு இடையே போக வேண்டும். புடவையில் அந்த இடத்தில் இருப்பது கொசுவம். அவள் பின்னால் காலை நீட்டும்போது குதிகால் விளிம்பில் மாட்டும். "இதோட ஆடினா நான் கீழ விழுவேன், நீங்க என்மேல விழுவீங்க. அப்புறம் கேப்டன் வந்து தூக்கணும்" என்று முதல் இரவே சொல்லிவிட்டாள். இப்போது வழக்கம் என்னவென்றால், சாப்பாட்டுக்குப் பட்டு, பத்து மணிக்குக் கேபினுக்குப் போய் கணுக்காலுக்கு மேல் நிற்கும் கவுன். புடவையிலேயே ஆடியே தீருவேன் என்றால் கிரேப் அல்லது ஜார்ஜெட் எடுத்து, விளிம்பைக் கணுக்காலுக்குமேல் ஏற்றிக் கட்டி, கொசுவத்தைத் தளர்த்தி, ரம்பா, சா-சா மாதிரி நின்ற இடத்தில் ஆடும் வகையோடு நிறுத்திக்கொள்ளலாம். வேட்டியில் குயிக்ஸ்டெப் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கோ வேட்டியிலும் வேண்டாம்.

அடுத்து பி அண்ட் ஓ கம்பெனி. இதுவும் சவுத்தாம்ப்டன்தான், ஆனால் கூட்டமே வேறு. பிளாக் டை இரவு என்று இருந்ததை இப்போது செலிப்ரேஷன் நைட் என்று பெயர் மாற்றி, விதியையும் இளக்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டுமான அரோரா (2000), ஆர்க்கேடியா (2005) இரண்டிலும் ஆடுகிற கூட்டம் உண்டு. ஆர்க்கேடியாவின் கதை வேடிக்கை: அந்தக் கப்பல் முதலில் குனார்டின் குயின் விக்டோரியாவாக வேண்டியது, கட்டும்போதே கைமாறி இங்கே வந்துவிட்டது. இங்கே வாத்தியக் குழு எல்லா இரவும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பதிவு செய்த இசைதான் அதிகம்.

ஆனால் இங்கே சீக்வென்ஸ் நடனம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் தனி ரசனை இது. மேஃபேர் குயிக்ஸ்டெப், ஸ்கொயர் டேங்கோ என்று ஒவ்வொன்றுக்கும் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று நீளத்தில் எழுதிவைத்த அடவுகள். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் அதே அடவை வைக்கும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தூரத்திலிருந்து பார்த்தால் கும்மிதான், கைதட்டல் மட்டும் இல்லை. எண்பது வயதுத் தம்பதிகள் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள். தெரியாதவர் நடுவில் புகுந்தால் ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் வந்த ஸ்கூட்டர் கதைதான், அந்த முறைப்பை நான் வாங்கியிருக்கிறேன். நான்கைந்து சீக்வென்ஸ் படித்துக்கொண்டு போனால் குனார்டைவிட இங்கே அதிக நேரம் காலில் நிற்பீர்கள். இடிபடும் பயமும் இல்லை, எல்லோரும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்வதால். சவுத்தாம்ப்டனிலேயே ஏறி அங்கேயே இறங்கும் பயணங்கள் நிறைய என்பதால் எடைக் கவலையும் இல்லை, கார் டிக்கி கொள்ளும் அளவு கோட்டு கொண்டுபோகலாம்.

அதே கம்பெனியின் அயோனா, ஆர்வியா போன்ற புதிய ராட்சதக் கப்பல்கள் வேறு கணக்கு. அயோனாவில் 5,200 பேர் ஏறலாம், ஆனால் பால்ரூமுக்கென்று பழைய மாதிரி ஒரு கூடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போக நல்ல கப்பல். வால்ட்ஸுக்காகப் போகாதீர்கள்.

ராயல் கரீபியன் வகைக் கப்பல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபார்மல் இரவு பெயருக்கு உண்டு, யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். நார்வீஜியன் 2000-லேயே ஃப்ரீஸ்டைல் என்று சொல்லி இந்தச் சடங்கைக் கைகழுவியது. வைக்கிங் கடல் கப்பல்களில் ஃபார்மல் இரவே கிடையாது. வர்ஜினில் கோட்டுக்குப் பதில் ஸ்கார்லட் நைட், எல்லோரும் சிவப்பில் வந்து கடைசியில் நீச்சல் குளத்தில் குதிப்பார்கள். நேர்மையான ஏற்பாடு என்றுதான் தோன்றுகிறது.

தனியாகப் போகும் பெண்களுக்கு இந்த ஒப்பீடு முழுக்கவே மாறிவிடும். குனார்டிலும் ஃப்ரெட் ஓல்சன் கம்பெனியிலும் டான்ஸ் ஹோஸ்ட் என்று சிலரை வைத்திருக்கிறார்கள், ஆடத் தெரிந்த, பெரும்பாலும் வயதான ஆண்கள். துணையில்லாமல் வந்த பெண்ணின் மேசைக்கு வந்து, குனிந்து, கை நீட்டுவதுதான் அவர்கள் வேலை. ஒரே பெண்ணோடு அடுத்தடுத்து ஆடக்கூடாது, யாரிடமும் தனிப் பிரியம் காட்டக்கூடாது. கணவரை இழந்த ஒரு பெண்மணி, கையில் சின்ன நோட்டு வைத்து, யார் எத்தனை முறை தன்னை அழைத்தார் என்று குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரேஷன் கார்டு மாதிரி. சிரிப்பு வந்தது, கொஞ்சம் கழித்து வரவில்லை. தனியாக வரும் ஆண்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு தேவையில்லை. ஆடத் தெரிந்த தனி ஆணுக்குக் கப்பலில் உட்கார நேரமே இருக்காது.

கேலா இரவு பற்றி ஒரு குறை. ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், தளத்தின் மூலையிலேயே திரை கட்டி, விளக்கு நிறுத்திப் படம் எடுக்கக் கடை போட்டுவிட்டார்கள். ஃபாக்ஸ்ட்ராட்டில் அந்தத் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் கவுனை விரித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எங்களுக்கு மொத்தம் மூன்று பாட்டு. மறுநாள் சாதாரண இரவு, பத்தரை மணிக்குமேல் தளத்தில் ஐந்தே ஜோடி. அதே கப்பல், அதே மரத்தளம், முழு நீளத்துக்குக் கால் போட்டு ஆடினோம்.

அந்தக் காலப் பயணிகளும் எல்லா இரவும் உடுத்தியதில்லை. புறப்படும் இரவும் சேரும் முந்தின இரவும் விலக்கு, டிரங்குப் பெட்டி பிரிக்கப்பட்டிருக்காது அல்லது கட்டியாகிவிட்டிருக்கும். இன்னொன்று, டைட்டானிக்கில் பால்ரூமே கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆக, கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஆசையென்றால் குனார்டின் எந்தக் கப்பலும் சரி. ஜோடியாகக் காலாற ஆட வேண்டுமென்றால் குயின் மேரி 2, மேற்கு நோக்கி. அடவு மனப்பாடம் செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு அரோரா. நாங்கள் அடுத்து அரோராதான் போகிறோம். மனைவி ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு மேஃபேர் குயிக்ஸ்டெப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாவது பாரில் நான் இன்னமும் எதிர்ப்பக்கம்தான் திரும்புகிறேன்.