சாலைக்கும் பந்தயத் தடத்திற்கும் ஒரே அலைன்மென்ட்: மூன்றாண்டு அனுபவம்

அன்றாடப் பயணத்திற்குப் பயன்படும் அதே காரைத்தான் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறேன். முன்சக்கர இயக்கம் கொண்ட சாதாரண ஹேட்ச்பேக். முன்பக்க சஸ்பென்ஷன் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒற்றைத் தூண். பின்பக்கம் ட்விஸ்ட் பீம், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்தரம். இந்த மூன்று ஆண்டுகளில் நான்கு விதமான வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) அமைப்புகளை முயன்று பார்த்திருக்கிறேன். அவற்றுள் இரண்டு என் தவறுகள்.

முதல் தட நாளில் காரை நிறுவனம் அமைத்துக் கொடுத்தபடியே ஓட்டினேன். மாலையில் பார்த்தபோது முன் டயர்களின் வெளி ஓரம் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தது. உள்பக்கமோ புதிது போலவே இருந்தது. பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து நடப்பவரின் செருப்புத் தேயும் விதம் அது. வளைவில் கார் வெளிப்புறம் சரியும்போது, சுமையைத் தாங்கும் வெளிச்சக்கரமும் உடலோடு சேர்ந்து சாய்கிறது. ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் அமுங்கும்போது கிடைக்கும் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) மிகக் குறைவு என்பதால் அந்தச் சாய்வை அதனால் ஈடுகட்ட முடிவதில்லை. டயர் தன் முழு அகலத்தை விட்டுவிட்டு ஓரத்தில் நின்று வேலை செய்கிறது. முன்சக்கரங்களின் கேம்பரை அளந்து பார்த்தபோது இடப்பக்கம் மைனஸ் 0.4 டிகிரி, வலப்பக்கம் மைனஸ் 0.9 டிகிரி என்று காட்டியது. இரண்டும் நிறுவனம் அனுமதிக்கும் வரம்புக்குள்தான் இருந்தன.

இரு பக்கங்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சரிசெய்யப் பணம் எதுவும் செலவாகவில்லை. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டகமான சப்ஃப்ரேமைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தினால், துளைகளில் உள்ள இடைவெளி அளவுக்கு அதைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். ஒரு பக்கம் கேம்பர் கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். வேறெதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

அதன் பிறகு கேம்பர் போல்ட் பொருத்தினேன். ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய தலை கொண்ட, சற்று மெல்லிய போல்ட்டைப் போடுவதுதான் இதன் வழிமுறை. மைனஸ் 1.5 டிகிரி வரை எளிதாகக் கிடைத்தது, தடத்தில் மாற்றமும் உடனே தெரிந்தது. ஆனால் மூன்றாவது தட நாளில், தடத்தின் ஓரத்தில் உள்ள மேடான கெர்ப் மீது சற்று முரட்டுத்தனமாக ஏறிய பின், நேராக ஓடும்போதே ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பி நின்றது. போல்ட் நழுவியிருந்தது. மெல்லிய போல்ட் தன் பிடிமானத்திற்கு உராய்வை மட்டுமே நம்பியிருப்பதால், குறிப்பிட்ட டார்க் அளவில் இறுக்குவதோடு நின்றுவிடாமல், இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். கோடு விலகியிருந்தால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

அடுத்ததாக, ஸ்ட்ரட்டின் மேல்முனையில் பொருத்தும் கேம்பர் பிளேட்டுக்கு மாறினேன். ரப்பர் மவுண்ட்டுக்குப் பதில் உலோகப் பேரிங் வருவதால் சிறிய மேடுபள்ளங்களில்கூட டக் டக் என்ற சத்தம் கேட்கும். குடும்பத்தினர் அதை அன்றிலிருந்து சகித்துக்கொண்டு வருகிறார்கள். இப்போது கேம்பரை மைனஸ் 3 டிகிரிக்கு மேலும் கொண்டுபோக இடம் இருந்தது. ஆசையில் மைனஸ் 2.8 வரை போனேன்.

கேம்பர் சரியா என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், ரப்பருக்குள் குத்தி அளக்கும் வெப்பமானியை வாங்கினேன். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் அகச்சிவப்புக் கருவி பிட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிட்ட தோலைத்தான் அளக்கிறது. வேகத்தைக் குறைத்து ஆறவிடும் சுற்று ஓட்டாமல் நேரே உள்ளே வந்து, ஒரு நிமிடத்திற்குள் வெளி, நடு, உள் என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மைனஸ் 1.5 இருந்தபோது வெளிப்பக்கம் 92, நடுவில் 84, உள்ளே 78 டிகிரி செல்சியஸ். மைனஸ் 2.8 ஆனபோது வெளியே 82, நடுவே 85, உள்ளே 90. உள்பக்கம் சற்றுச் சூடாக இருப்பது சரியானதே, ஏனெனில் நேர்ச்சாலையில் சுமை அங்குதான் விழுகிறது. நடுப்பகுதி மட்டும் இரு ஓரங்களையும்விடச் சூடாக இருந்திருந்தால் கேம்பரைத் தொடாமல் காற்றழுத்தத்தைத்தான் குறைத்திருப்பேன். எண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பிரேக் பிடிக்கும்போது டயர் நேராகத் தரையில் அமராததால் ஏபிஎஸ் முன்பைவிடச் சீக்கிரம் தலையிட்டது, மழைச்சாலையில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மைனஸ் 2.3க்கு இறங்கி வந்தேன். அங்கேயே நிலைத்துவிட்டேன்.

கேம்பரைப் பற்றிப் பலரும் அஞ்சுவது டயர் தேய்மானத்தை நினைத்து. என் அனுபவத்தில் டயரை உண்மையில் தின்றது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. காரைக் கூர்மையாகத் திருப்பும் என்ற நம்பிக்கையில் முன்சக்கரங்களுக்கு மொத்தம் 4 மில்லிமீட்டர் டோ-அவுட் (முன் விளிம்புகள் வெளிநோக்கி) வைத்தேன், அதாவது ஒரு சக்கரத்திற்கு 2 மில்லிமீட்டர். ஏறத்தாழ 406 மில்லிமீட்டர் விட்டமுள்ள 16 அங்குல ரிம்மில் இது 0.28 டிகிரிதான். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கோணத்தால், நேர்ச்சாலையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 5 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது. தடத்தில் ஓடுவது நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் இருக்கலாம். அலுவலகத்திற்குப் போய்வருவதோ மாதத்திற்கு ஆயிரத்துக்கு மேல். நான்கு மாதங்களில் உள் ஓரம் கையால் தடவினால் ரம்பம் போல உறுத்தியது. நெடுஞ்சாலையில் லாரிகள் பதித்த தடங்களுக்குள் கார் தானாக இழுத்துக்கொண்டு போனதும் தொல்லையாக இருந்தது. டோவைச் சுழியத்திற்குக் கொண்டுவந்தபின், அதே கேம்பரில் அடுத்த ஜோடி டயர்கள் ஏறத்தாழச் சமமாகத் தேய்ந்தன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேம்பரை மாற்றினாலே டோவும் மாறிவிடும். எந்தத் திசையில் மாறும் என்பது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே தடத்திற்குப் போனதும் கேம்பர் பிளேட்டை உள்ளே தள்ளி, திரும்பும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்று நான் போட்ட திட்டம் பொருளற்றது. ஒவ்வொரு முறையும் டோவை மீண்டும் அளக்க வேண்டும். அளக்காவிட்டால் வீடு திரும்பும் வழியெல்லாம் டயர் தேயும்.

அளப்பதை இப்போது வீட்டிலேயே நூல் கட்டிச் செய்கிறேன். காரின் இருபுறமும் இணையாக நூலை இழுத்து, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் பார்த்தால் போதும். பொறுமை வேண்டியது அதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான்: தரையின் சரிவைக் கேம்பர் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், டயர் அழுத்தம் சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு இணையான மூட்டைகள் இருக்க வேண்டும், ஜாக்கியிலிருந்து இறக்கியபின் சக்கரங்கள் இயல்பான இடத்தில் அமர, அவற்றின் கீழ் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை வைத்துக் காரை நன்றாக அமுக்கி விட வேண்டும். டை ராட்களை இருபுறமும் சமமாகத் திருகாவிட்டால் டோ சரியாக இருந்தும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஸ்டீயரிங்கின் நேர்நிலை மாறினால் அதன் கோண உணரியையும் மறு அளவீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கார் நேராகப் போகும்போதே அது திரும்புவதாக ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எண்ணிக்கொள்ளும்.

காஸ்டரைப் பற்றி, அதாவது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணத்தைப் பற்றி, சொல்ல அதிகமில்லை. என் காரில் அதை மாற்ற வழியில்லை. அதை மாற்றும் வசதி உள்ளவர்கள் சற்றுக் கூட்டினால், திருப்பும்போது வெளிச்சக்கரத்திற்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும்.

பின்பக்கத்தில் ட்விஸ்ட் பீம் என்பதால், சக்கர அச்சுக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைப்பது ஒன்றே வழி. கார் பின்னால் எளிதாகச் சுழலட்டும் என்று சிறிதளவு டோ-அவுட் கிடைக்கும் ஷிம்களைப் போட்டேன். உலர்ந்த தடத்தில் அது மகிழ்ச்சி தந்தது. பிறகு ஒரு நாள் மழையில், வளைவின் நடுவே முன்னால் ஒரு வண்டி நிற்கவே ஆக்சிலரேட்டரை விட்டேன். பின்பக்கம் என்னைக் கேட்காமலே வெளியே போயிற்று. எதிரே வாகனம் இல்லாததால் தப்பினேன். அந்த வாரமே ஷிம்களைக் கழற்றி, பழைய துணியில் சுற்றிக் கருவிப்பெட்டியின் அடியில் போட்டேன். இன்றும் அங்கேதான் கிடக்கின்றன.