வெயில் காய்ச்சும் தண்ணீர்: இரண்டு லிட்டர் பாட்டில் எப்படி உழைக்கிறது?

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊரில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். தினமும் தண்ணீர் காய்ச்ச கேஸ் கட்டுப்படியாகாத வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேண்டியது பழைய குளிர்பான பாட்டில், மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை, ஆறு மணி நேர நல்ல வெயில். கிருமியைக் கொல்ல இது போதும். முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன்.

பாட்டிலை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் பிளாஸ்டிக். நிறமே இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். பச்சை பாட்டில் ஆகாது. கடையில் தண்ணீர் விற்கும் மெல்லிய ஒரு லிட்டர் பாட்டில் சூட்டில் நெளிந்துவிடுகிறது. கேஸ் அடைத்த குளிர்பானத்தின் இரண்டு லிட்டர் பாட்டில் கெட்டி, நன்றாகத் தாங்குகிறது. லேபிளை உரித்து, பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். கீறல் விழுந்து மங்கிப்போனால் மாற்றிவிட வேண்டும், ஒளி உள்ளே போகாது.

ஊருணித் தண்ணீர் கலங்கல். கலங்கலுக்குள் கிருமி வெயிலுக்குத் தப்பி ஒளிந்துகொள்ளும். அதற்கு என் மாமியார் காலத்து வழியே சரி: மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி, தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். மேலாக மொண்டு துணியில் வடிகட்டுகிறேன். பாட்டிலில் நிரப்பியதும் செய்தித்தாள் மேல் நிறுத்தி, வாய்வழியே கீழே பார்க்க வேண்டும். தலைப்பு எழுத்தைப் படிக்க முடிந்தால் தண்ணீர் தயார். முதலில் முக்கால் பாட்டில் ஊற்றி நன்றாகக் குலுக்கி, பிறகு நிரப்புங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் வெயிலின் வேலை இன்னும் நன்றாக நடக்கும்.

வேலை செய்வது புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை. கூடவே தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டினால் கிருமி இன்னும் வேகமாகச் சாகும். அதனால்தான் தகரத்தின் மேல் படுக்கவைக்கிறோம். பெய்ரூட்டில் அஃப்திம் அக்ரா என்ற ஆய்வாளர் 1980 வாக்கில் இதைக் காட்டினார். பிறகு சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று சோடிஸ் என்ற பெயரில் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது இறங்குமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதையும் அங்கே சோதித்து, குடிநீருக்கான வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

கென்யாவில் மசாய் குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு குறைந்ததாக 1996இல் ஓர் ஆய்வு வந்தது. 2009இல் பொலிவியாவிலிருந்து வந்த ஆய்விலோ தெளிவான பலன் தெரியவில்லை. அங்கே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பழக்கம் நடந்திருக்கிறது. நாலு நாள் வைத்து நாலு நாள் விட்டால் என்ன பிரயோஜனம்? அதனால் எங்கள் வீட்டில் பாட்டில்களை இரண்டு கூட்டமாகப் பிரித்திருக்கிறோம். ஒன்று கூரையில் இருக்கும்போது மற்றது குடிக்க.

ருசிக்கு முழு மதிப்பெண். காய்ச்சின தண்ணீரின் சப்பென்ற ருசி இதில் இல்லை. சாயங்காலம் இறக்கும்போது சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைத்தால் காலையில் குளிர்ந்துவிடும். பானையில் மாற்றி ஊற்றாதீர்கள், சொம்பிலிருந்தும் கையிலிருந்தும் கிருமி திரும்ப வரும். பாட்டிலிலிருந்து நேராக டம்ளருக்கு.

வானத்தில் பாதிக்கு மேல் மேகம் என்றால் அடுத்தடுத்து இரண்டு நாள் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது உதவாது. அப்போது காய்ச்சித்தான் ஆக வேண்டும். உப்பும் ஃப்ளோரைடும் போகாது, ஆகவே உவர் போர் தண்ணீருக்கு இது வழியல்ல.

"இருபது லிட்டர் கேனை அப்படியே வெயிலில் வைத்தால் என்ன?" என்று அண்ணி கேட்டார். அந்தக் கேன்களில் பல பாலிகார்பனேட், அது புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். பெட் கேனாகவே இருந்தாலும், தண்ணீரின் ஆழம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது அண்ணி.