செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர் உறுமல்: நாள்பட ஓட்டிப் பார்த்ததில் நின்றதும் நிற்காததும்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ஹோம் தியேட்டர் உறுமினால் ஏவிஆரையோ (ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர்) சப்ஊஃபரையோ (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் வீட்டுக்குள் இரண்டு எர்த் இருக்கும். முகப்பில் மீட்டர் வைத்தபோது போட்டது ஒன்று, பிற்பாடு ஏசிக்காகத் தனிக் குழி தோண்டி இறக்கியது இன்னொன்று. பட்டாசாலையின் (பெரிய கூடம்) ஒரு மூலை பாயின்ட் பழைய லைனில் இருக்கும், எதிர் மூலை புது லைனில் இருக்கும். வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்த யாருக்கும் மனசு வராது. அதனால் சப்ஊஃபர் பக்கத்தில் கிடைத்த பாயின்டில் போய் உட்காரும். இரண்டு எர்த்துக்கும் இடையே இருக்கும் சின்ன வோல்ட் வித்தியாசம் ஏவிஆரிலிருந்து சப்ஊஃபருக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளிப்பின்னல் ஒயர்) வழியாகக் கரண்டாக ஓடும். இந்த எர்த் சுற்றுதான் உறுமல்.

எவ்வளவு சின்ன வித்தியாசம் போதும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டு ஆடியோ சாதனங்களின் லைன் சிக்னல் சுமார் 0.3 வோல்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.3 மில்லிவோல்ட் கலந்தாலே ராத்திரி அமைதியான ஹாலில் காதில் விழும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு பாயின்டின் எர்த் துளைகளுக்கு (மேலே உள்ள பெரிய துளை) நடுவில் அளந்து பாருங்கள். தூரம் எட்டாவிட்டால் ஒரு நீள ஒயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 1 வோல்ட் காட்டினாலே ஆளைப் பிடித்தாயிற்று.

அளப்பதற்கு முன் சத்தத்தைக் காதால் பிரித்துக்கொள்வது நல்லது. ஆழமாக, ஒரே சீராக "உம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸ்: எர்த் சுற்று அல்லது ஷீல்டு விட்டுப்போன கேபிள். கொஞ்சம் கரகரப்போடு "ஜர்ர்" என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்: பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது அதே லைனில் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரோ டிம்மரோ இருக்கலாம். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்ததும் கரகரப்பு அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியிலிருந்தே இரைந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. ராத்திரி வோல்டேஜ் 250-ஐத் தாண்டும்போது இது கூடும். கேபிள் மாற்றிப் பயனில்லை.

அடுத்தது, ஒவ்வொன்றாகக் கழற்றுவது. சப்ஊஃபர் ஓடட்டும், ஆர்சிஏ கேபிளை மட்டும் சப்பின் பின்பக்கத்திலிருந்து உருவுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு சப்பின் உள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்டால் கேபிளுக்கு அந்தப் பக்கம் தேட வேண்டும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கேபிளை ஏவிஆர் பக்கம் கழற்றிவிட்டு, சப் பக்கம் தொங்கவிட்டுக் கேட்பது. அந்த ஒயர் ஆன்டெனா மாதிரி காற்றில் இருப்பதையெல்லாம் பிடித்து உறுமத்தான் செய்யும்.

பிறகு செட்டாப் பாக்ஸின் கோ-ஆக்ஸ் ஒயரைக் கழற்றுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி லைன் தன்னோடு ஊராரின் எர்த்தையும் கொண்டுவரும். கழற்றியதும் நின்றால் கோ-ஆக்ஸுக்கான கால்வனிக் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் வெட்டும் சின்ன இணைப்பான்) போதும். விலை குறைவு, வருடக்கணக்கில் தொந்தரவு தராத பொருள். டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது, ஏனென்றால் டிஷ் தலையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த ஒயரில்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும். அவர்கள் பாக்ஸை டிவிக்கு எச்டிஎம்ஐயில் கொடுத்து, டிவியிலிருந்து ஏவிஆருக்கு ஆப்டிகல் கேபிள் போடலாம். டிவிக்கும் ஏவிஆருக்கும் நடுவில் எச்டிஎம்ஐ கூடாது, அதன் ஷீல்டும் எர்த்தை இணைத்துவிடும்; ஆப்டிகலில் ஒளி மட்டும்தான் போகும். ஆப்டிகலில் 5.1 டால்பி டிஜிட்டல் வரும், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் வகை) வராது. சீரியல் பார்க்க அது எதற்கு!

நாள்பட நிலைத்து நின்ற வைத்தியம் ஒன்றே ஒன்று: எல்லாவற்றுக்கும் ஒரே பாயின்ட். ஏவிஆர், சப், டிவி, பாக்ஸ் எல்லாம் சேர்ந்தாலும் பொதுவாக 1,000 வாட்டுக்குள், 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர். 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றிலிருந்து 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயர், 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) வைத்த போர்டு ஒன்று. சப் எதிர் மூலையில்தான் வேண்டுமென்றால், அதற்கும் இந்தப் போர்டிலிருந்தே ஒயர் இழுங்கள். கேஸிங்கில் போகும் கரண்ட் ஒயரிலிருந்து சிக்னல் கேபிளை ஒரு அடியாவது தள்ளி விடுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஆர்சிஏ கேபிளின் நடுவில் மாட்டும் ஐசொலேட்டரைப் பற்றி அபிப்பிராயம் அவ்வளவு நன்றாக இல்லை. உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். மலிவானவற்றில் கோர் சிறியது, 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் கரைந்துவிடும். உறுமல் போகும், கூடவே சப் வாங்கிய காரணமும் போய்விடும்.

தியேட்டருக்கென்று தனி எர்த் குழி போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. புதுக் குழியைப் பழையதோடு தடித்த ஒயரால் இணைக்காவிட்டால் அது மூன்றாவது எர்த், உறுமல் கூடும். ஏற்கெனவே இருக்கும் குழிகளை ஒன்றோடொன்று இணைப்பதுதான் வேலை. அங்கே மூடியைத் திறந்து ஜிஐ பைப்பின் தலையைப் பாருங்கள். செம்பு ஒயரை முறுக்கிய போல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டி, நட்டு விரலாலேயே சுழலும். சுரண்டிவிட்டு டின் பூசிய லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் காது) வைத்து இறுக்கினாலே பாதி வேலை முடிந்தது. செம்புறாங்கல் பூமியில் கரி, உப்புப் போட்ட குழி கோடையில் காய்ந்துவிடும். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கிற வீட்டில் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? அப்படிப்பட்ட வீட்டுக்கு ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் நிரப்பியதே ஏற்றது.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் உறுமல் உடனே நிற்கும் என்பது உண்மை. மைக் செட்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். சப்பின் உள்ளே ஃபேஸ் பாடியில் இடித்த அன்றைக்கு, ஆர்சிஏ ஷீல்டு வழியாக ஏவிஆர், டிவி எல்லாவற்றின் உலோகப் பகுதியிலும் 230 வோல்ட் நிற்கலாம். எர்த்துக்குக் கரண்ட் போக வேறு வழி இல்லாவிட்டால், தொடுகிறவர் மேல் பாயும்வரை 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கரண்ட் போனபோது மட்டும் கரகரத்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ். அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள், அதுவரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து தியேட்டர் போர்டை விலக்கிவிடலாம்.