கவுண்டமணி–செந்திலா, வடிவேலுவா? கரண்டு இல்லாத ராத்திரியில் கிடைத்த விடை

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ரொம்ப வருடமாக உண்டு. நான் கவுண்டமணி–செந்தில் கட்சி, என் தங்கை வடிவேலு கட்சி. ஆதித்யா சேனலில் யார் காமெடி ஓடுகிறதோ, அதைப் பொறுத்து ரிமோட் கை மாறும். ஆனால் இரண்டையும் நான் ஒழுங்காக எடை போட்டுப் பார்த்தது டிவியே ஓடாத நாட்களில்தான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலும் கம்பங்கள் விழுந்து, கரண்டு வரப் பல நாளாயிற்று. பொழுது சாய்ந்தால் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவோம். ஒருநாள் எதிர்வீட்டு அண்ணன் பரணிலிருந்து பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கை இறக்கினார். அவ்வளவுதான், ஒரு பையன் ‘வைதேகி காத்திருந்தாள்’ காட்சியை ஆரம்பித்துவிட்டான். படம் வந்தது 1984இல். அவன் அப்பாவுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்காது.

முழுக் காட்சியையும் வாயாலேயே ஓட்டினோம். ஒருவர் கவுண்டமணி, ஒருவர் செந்தில். இது எப்படி எரிகிறது என்று செந்தில் கேட்க, கவுண்டமணி பெருமையாக மேன்டிலை (விளக்கில் வெளிச்சம் தரும் வலையை) காட்ட, அதைச் செந்தில் கசக்கிவிடுகிற இடம் வரை ஒன்றும் விடவில்லை. அடுத்து 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம்; ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே? இதற்கு நடிப்பவர் முகம் தெரிய வேண்டியதே இல்லை. கேட்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் சூடு ஏற வேண்டும், பதில் சொல்கிறவர் அசையக் கூடாது. இந்த இரண்டு காட்சியையும் எழுதியவர் ஏ. வீரப்பன். கவுண்டமணியும் செந்திலும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும் என்கிற மேடைப் பழக்கம் அந்தக் குரலிலேயே இருக்கிறது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒரு துளி குறையாது.

அப்புறம் தங்கையின் முறை. ‘வின்னர்’ கைப்புள்ள கோடு போட்டுச் சவால் விடுகிற காட்சியை எடுத்தாள். நன்றாகத்தான் சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கள் ஞாபகத்திலிருந்து வந்தது. படம் பார்க்காத ஒரு அத்தை மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். உதார் விடுகிற வாய் முன்னால் போகும், உடம்பு பின்னால் நழுவும். வடிவேலுவிடம் சிரிப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழுவதை இருட்டில் எப்படிச் சொல்லிக் காட்டுவது?

அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பு கொஞ்சம் ஆடிப்போனது. பக்கத்து சீட்டில் யார் போனைத் திறந்தாலும் வடிவேலு முகம்தான். சம்பளம் வரவில்லையா, ஒரு வடிவேலு. மேனேஜர் கூப்பிடுகிறாரா, இன்னொரு வடிவேலு. பயம், அசட்டுத் தைரியம், அடி வாங்கிய பிறகும் விடாத கெத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரு படம் இருக்கிறது, கீழே எழுத்தே தேவையில்லை. 2001இல் வந்த படத்தின் நேசமணிக்காக 2019 மே மாதம் இணையத்தில் உலகம் முழுக்க விளையாட்டாகப் பிரார்த்தனை செய்தார்களே, தமிழ் தெரியாதவர்கள்கூட யார் இந்த மனிதர் என்று கேட்டார்களே, அது அந்த முகத்தின் பலம். கவுண்டமணிக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் தமிழாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் தங்கை பக்கம் நியாயம் இருக்கிறது. செந்திலின் நிறத்தையும் தலையையும் உடம்பையும் சொல்லித் திட்டுகிற வசனங்களுக்குச் சின்ன வயதில் உருண்டு சிரித்திருக்கிறேன். இப்போது தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இடங்களில் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பள்ளியில் கறுப்பாக இருந்த பையன்களை நாங்கள் கூப்பிட்ட பெயர்களில் பாதி அங்கிருந்து எடுத்தவை. வடிவேலு பெரும்பாலும் அடி வாங்குகிற ஆள். அவர் படங்களிலும் உருவக் கேலி இல்லாமல் இல்லை, ஆனால் சிரிப்பின் பாரம் அவர் முதுகில்தான் விழுகிறது. 2006இல் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் ராஜாவாகவே வந்தபோதும் அப்படித்தான்.

கிரேஸி மோகனை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: அவர் வசனம் எழுதி, கமல் நான்கு வேடத்தில் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) எனக்கு உயிர். ஆனால் அதைத் துண்டு போட முடியாது. யார் எந்த கமல் என்று தெரியாமல் நடுவில் ஐந்து நிமிடம் பார்த்தால் பாதிச் சிரிப்பு போய்விடும். கவுண்டமணி காட்சிகள் கதையோடு அவ்வளவாக ஒட்டாத தனி டிராக். டிவியில் அரைமணி நேரம் நிரப்ப அதைவிட வசதி எது? இப்போது அந்தத் தனி டிராக் அநேகமாகப் போய்விட்டது. புதுச்சேரியிலேயே நடக்கிற ‘நானும் ரௌடிதான்’ (2015) படத்தில் ஹீரோ சிரிக்க வைக்கிறார், நண்பர் சிரிக்க வைக்கிறார், வில்லனாக வரும் பார்த்திபனும் சிரிக்க வைக்கிறார். நல்ல படம், மூன்று தடவை பார்த்தேன். ஆனால் அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துத் தெருவில் நடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சரி, என் தீர்ப்பு: தனியாகப் போனில் பார்க்க வடிவேலுவுக்கு இணை கிடையாது. பத்துப் பேர் கூடி உட்கார்ந்தால் கவுண்டமணி–செந்தில். எனக்குப் பத்துப் பேரோடு சிரிப்பதுதான் பிடிக்கும், அதனால் கட்சி மாறவில்லை.

தங்கை இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அதே இருட்டில், அந்த அத்தை கொசு கடிக்கிறது என்று எழுந்தபோது அவள் வடிவேலு மாதிரி ‘அவ்வ்வ்வ்’ என்று ஒரு இழுப்பு இழுத்தாளாம். படமே பார்க்காத அத்தை அதற்குச் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார் என்கிறாள். ஆமாம், உட்கார்ந்தார். நானும்தான் பார்த்தேன்.